குழலுக்குக் குறி சொன்னவர்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே துப்பாக்கி சுடும் மன்றத்தின் வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு நீளப் பெட்டி. பெட்டிக்குள் ஏர் ரைஃபிள். ஆனால் யாரும் சுட வரவில்லை. சுடுவதெல்லாம் பழைய பழக்கம். துப்பாக்கியைக் காட்டிக் குறி கேட்க வந்திருந்தார்கள்.

குறி பார்ப்பது என்றால் என்னவென்று அந்த மன்றத்தில் எல்லோருக்கும் தெரியும். பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டை. அட்டையின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி. மூச்சை அடக்கி, உடம்பை அடக்கி, கடைசியில் மனசையும் அடக்கி, ஒரே ஒரு விரலை மட்டும் அசைத்து ஈயக்குண்டை அந்தப் புள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்குப் பல வருஷப் பயிற்சி வேண்டும். குறி கேட்பதற்கு அவ்வளவு சிரமம் இல்லை. வரிசையில் நிற்க இரண்டு கால் இருந்தால் போதும்.

குறி சொன்னவர் காவி கட்டவில்லை, தாடி வளர்க்கவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். கோட்டுப் பையில் இரண்டு பேனா. ஆள் புத்திசாலி. மன்றத்தில் இருப்பவர்கள் படித்தவர்கள். படித்தவர்களை ஏமாற்றக் கோட்டுதான் சரியான உடுப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 'குழல் நாத ஆய்வாளர்' என்று அட்டை அடித்து வைத்திருந்தார். முகத்துக்கு நேரே எல்லோரும் 'அய்யா' என்றார்கள். முதுகுக்குப் பின்னால் 'குறிக்காரர்' என்றார்கள். அதிலும் மரியாதைதான் இருந்தது.

அவருடைய கருவி, நூலில் கட்டிய ஒரு பித்தளைக் குண்டு. கொத்தனார் கையில் இருந்தால் அதற்குத் தூக்குக்குண்டு என்று பெயர். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க உதவும். இவர் கையில் இருந்ததால் அது 'நாதமணி'. துப்பாக்கிக் குழலுக்கு மேலே அதைத் தொங்கவிட்டுக் கண்ணை மூடுவார். ஆனால் மூடுவதற்கு முன்னால் துப்பாக்கியின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் கம்பெனிப் பெயரை ஒரு தடவை பார்த்துவிடுவார். குண்டு வட்டமாகச் சுற்றினால் 'உயிர்க் குழல்'. முன்னும் பின்னும் ஆடினால் 'ஊமைக் குழல்'. குறுக்கே ஆடினால் கூட்டமே ஒரு அடி பின்வாங்கும். அது 'பகைக் குழல்'.

பெயர் பெற்ற கம்பெனித் துப்பாக்கி என்றால் குண்டு அழகாக வட்டம் போடும். பெயர் தெரியாத கம்பெனி என்றால் ஆடும். பித்தளைக்கும் விளம்பரம் படிக்கத் தெரியும் போலிருக்கிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு உண்மையாகவே ஒரு சங்கடம் இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. பெயர் பெற்ற கம்பெனியின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். பெயர் தெரியாத கம்பெனியின் விலையைக் கேட்டால், இவ்வளவு குறைவாகக் கொடுக்கிறானே, உள்ளே என்ன வைத்திருக்கிறானோ என்று சந்தேகம் வரும். இந்த இடத்தில் மனிதன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சுட்டுப் பார்க்க வேண்டும். அதற்குச் சோம்பல்படுகிறவனுக்காகத்தான் குறிக்காரர்கள் பிறக்கிறார்கள்.

மன்றத்தின் முதல் பக்தர் செயலாளர். அவர் பல் டாக்டர். ஒருவர் பல்லைத் தொடுவதற்கு முன்னால் நாலு எக்ஸ்ரே எடுப்பார். துப்பாக்கிக்கு மட்டும் ஒரு நூலும் ஒரு பித்தளையும் போதும் என்று அவருக்குத் தோன்றியது. போன மாதம் குறிக்காரர் சொல்லி, ஊர்த் துப்பாக்கிக் கடையில் பெயர் பெற்ற கம்பெனியின் கறுப்பு ரைஃபிள் ஒன்றை வாங்கியிருந்தார். அதற்கப்புறம் அவருடைய மதிப்பெண் நாலு ஏறியது. "எல்லாம் குழலோட உயிர்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் கூடுதலாகச் சுட ஆரம்பித்திருந்ததை மட்டும் சொல்லவில்லை. மதிப்பெண் ஏறினால் குழலின் மகிமை. இறங்கினால் சுடுகிறவரின் மனசில் அழுக்கு. இந்தக் கணக்கில் குறிக்காரருக்கு நஷ்டமே வராது.

பகைக் குழலுக்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். அதை வீட்டில் வைக்கக் கூடாது. இன்னொருவருக்கு விற்கவும் கூடாது. விற்றால் வாங்கியவர் பாவம் நம் தலையில் விழும். "என்கிட்ட ஒப்படைச்சிடுங்க. முறைப்படி மண்ணுக்குள்ள அடக்கம் பண்ணிடறேன்" என்பார். அடக்கத்துக்குக் காசு வாங்க மாட்டார். எவ்வளவு பெரிய மனசு என்று கூட்டம் உருகியது.

அந்த வரிசையில் நிற்காமல், ஓரமாகத் தன் பாட்டுக்குச் சுட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் கண்ணாடி அக்கா.

நாற்பத்திரண்டு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிற வேலை. பதினெட்டு வருஷமாக ஒரு நாளைக்கு முப்பது பேரை இருட்டறையில் உட்கார வைத்து, 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?' என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு மனிதர்களைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருந்தது. ஒரே கண்ணாடியை இரண்டு தடவை மாட்டினாலும், 'ரெண்டாவதுதாங்க பளிச்சுனு இருக்கு' என்பார்கள். பொய் சொல்வதில்லை. அப்படித்தான் அவர்களுக்குத் தெரியும்.

அவள் துப்பாக்கியின் கம்பெனிப் பெயரை யாராலும் ஒரே மூச்சில் படிக்க முடியாது. வாங்கும்போது ஐந்து துப்பாக்கிகளை ஒரே மேசையில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஐம்பது குண்டு சுட்டு, அட்டைகளை வீட்டுக்கு எடுத்துவந்து, ஓட்டைகளை அளவுகோலால் அளந்துதான் தேர்ந்தெடுத்தாள். மன்றத்தின் மூவர் அணியில் அவளுக்கு ஓர் இடம் இருந்தது. மற்ற இருவரும் பல் டாக்டரும் பேக்கரிக்காரரும்.

பேக்கரிக்காரர் வெள்ளை மனசுக்காரர். அவரும் பெயர் தெரியாத கம்பெனித் துப்பாக்கிதான் வைத்திருந்தார். அதைப் பகைக் குழல் என்று சொன்ன அன்றைக்கே அழுதுகொண்டே ஒப்படைத்துவிட்டு, மன்றத்தின் பொதுத் துப்பாக்கியில் தட்டுத்தடுமாறிச் சுட்டுக்கொண்டிருந்தார்.

போன மாதப் போட்டியில் அணி ஒரே ஒரு மதிப்பெண்ணில் தோற்றது. யாரால் தோற்றது என்று அட்டையைப் பார்த்தால் தெரியும். பல் டாக்டரின் கடைசிக் குண்டு புள்ளியை விட்டு ஊர் சுற்றப் போயிருந்தது. ஆனால் அட்டையைப் பார்க்கவா குறிக்காரரைக் கூட்டிவந்து வைத்திருக்கிறார்கள்? அந்தச் சனிக்கிழமை கண்ணாடி அக்காவின் துப்பாக்கியை வலுக்கட்டாயமாக மேசைக்கு வரவழைத்தார்கள். குறிக்காரர் பெயரைப் பார்த்தார். கண்ணை மூடினார். குண்டு குறுக்கே ஆடியது.

"பகை. சாதாரணப் பகை இல்லை. பக்கத்துல நிக்கற துப்பாக்கியோட உயிரையும் இது குடிக்குது."

"அதான் என் கடைசிக் குண்டு போச்சு" என்றார் பல் டாக்டர். அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

குறிக்காரர் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பல் டாக்டர் வாய்வழியாக எல்லோர் வீட்டுக் கதையும் அவருக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருந்தது. அவர் அக்காவின் கணவரைப் பார்த்தார். கணவர் லிஃப்ட் மெக்கானிக். மனைவியை மன்றத்தில் இறக்கிவிட்டுப் போக வந்தவர், வேடிக்கை பார்க்க நின்றிருந்தார்.

"இது இருக்கிற வீட்டுல, உயரத்துல வேலை பாக்கிறவங்களுக்கு ஆகாதும்மா. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்."

செயலாளர் அங்கேயே தீர்ப்பும் சொன்னார். அடுத்த சனிக்கிழமைக்குள் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். இல்லையென்றால் அணியில் இடம் இல்லை.

அணியில் இடம் போவதுகூட அக்காவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வீட்டில் நடந்ததுதான் அவளைச் சுட்டது. திங்கட்கிழமை கணவர் வேலைக்குக் கிளம்பினார், செருப்பை மாட்டினார், திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. அந்த எட்டு மாடிக் கட்டடத்துல வேலை. நாளைக்குப் போலாம்னு பாக்கறேன்."

"உடம்பு சரியில்லையா?"

அவர் மூலையில் இருந்த துப்பாக்கிப் பெட்டியைப் பார்த்தார். பிறகு, "அதைக் குடுத்துடேன். வேற ஒண்ணு வாங்கிக்கலாம். அந்த ஆள் சொல்றது பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும், நமக்கு எதுக்கு வம்பு?" என்றார்.

"லிஃப்ட் நடுவுல நின்னு போச்சுன்னா நீங்க குறி கேப்பீங்களா, கயிறைப் பாப்பீங்களா?"

"கயிறைத்தான் பாப்பேன்."

"அப்புறம்?"

"அது லிஃப்ட். இது உயிரு விஷயம்."

"லிஃப்ட்டுல போறவங்க உயிரு இல்லையா?"

இருபது வருஷமாக இரும்புக் கயிற்றை மட்டுமே நம்பிய மனுஷன். செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனார். போன இடத்தில் கை நடுங்கி ஸ்பேனரை நாலு மாடிக்குக் கீழே நழுவவிட்டார். கீழே ஆள் இல்லாததால் பிழைத்தது. அதை வந்து சொல்லும்போது, "பாத்தியா?" என்றார்.

பார்த்தாள். பகைக் குழல் யாரையும் தள்ளிவிடாது. பயம் தள்ளிவிடும். சனிக்கிழமை வரைக்கும் பொறுத்தால் இந்த மனுஷனை அந்தக் கோட்டுக்காரனே கொன்றுவிடுவான் என்று அவளுக்குப் புரிந்தது. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போதே கணவரிடம் கேட்டாள்.

"குடுத்துடறேன். நீங்க சொன்னபடியே குடுத்துடறேன். ஆனா அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு உதவி பண்ணணும். நீங்களும் பேக்கரி அண்ணனும்."

சனிக்கிழமை அவள் துப்பாக்கிப் பெட்டியோடு வந்ததும் கூட்டம் வழிவிட்டது. குறிக்காரர் கருணையோடு கையை நீட்டினார். துப்பாக்கிக் கடைக்காரரும் வந்திருந்தார். பகை ஒன்று போனால் விற்பனை ஒன்று ஆகும் என்பதால் காட்சிக்கு வைத்திருந்த புது ரைஃபிள் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார்.

"தர்றேங்க அய்யா. ஒரே ஒரு சந்தேகம்" என்றாள் அக்கா. "போன வாரம் ஒருத்தர்கிட்ட, மூடின பெட்டிக்குள்ள இருந்தாலும் குழலோட நாதம் உங்களுக்குக் கேக்கும்னு சொன்னீங்க. நாலு மூட்டையைப் போர்வையில சுத்திக் கொண்டுவரச் சொல்றேன். எது உயிர், எது பகைன்னு சொல்லிடுங்க. சொல்லிட்டீங்கன்னா நான் குடுக்கிறதோட, இனி எல்லாரையும் நானே உங்ககிட்டக் கூட்டிட்டு வர்றேன்."

"நாதத்துக்குச் சோதனை வைக்கக் கூடாதும்மா."

குறிக்காரர் நைசாக நழுவிவிடத்தான் பார்த்தார். பல் டாக்டர் விடவில்லை.

"அய்யாவுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? கொண்டு வரச் சொல்லுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

குறிக்காரர் அவரைப் பார்த்த பார்வையில், பல் டாக்டருக்கே பல் கூசியிருக்கும். சில நேரம் எதிரியைவிட பக்தன்தான் ஆபத்து.

அடுத்த அறையில் அக்காவின் கணவரும் பேக்கரிக்காரரும் போர்வையோடு உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் பெட்டியும் கடைக்காரரின் புது ரைஃபிளும் வரிசையில் நின்ற சிலருடைய பெட்டிகளும் அவர்களிடம் போயின. எந்த மூட்டையில் எதை வைக்கிறார்கள் என்பது அக்காவுக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்று அவளேதான் சொல்லியிருந்தாள். "எனக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியப் பாத்தே அவர் கண்டுபிடிச்சிடுவார். கடையில என் மூஞ்சியப் பாத்துத்தான் பாதிப் பேர் எழுத்தையே படிக்கிறாங்க." ஒவ்வொரு மூட்டையாகத்தான் வரும். முதல் மூட்டை உள்ளே திரும்பிப் போன பிறகுதான் அடுத்தது வரும். என்ன வைத்தார்கள் என்பதை ஒரு காகிதத்தில் எழுதிக் கணவர் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

முதல் மூட்டை வந்தது. தலை முதல் கால் வரை போர்வை. குறிக்காரர் பழக்கதோஷத்தில் பக்கவாட்டில் பெயரைத் தேடினார். போர்வையில் பூப்போட்டிருந்தது. கண்ணை மூடினார். குண்டு கொஞ்ச நேரம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. பிறகு குறுக்கே ஆடியது.

"பகை" என்றார். கூட்டம் அக்காவைப் பார்த்து உச்சுக்கொட்டியது.

இரண்டாவது மூட்டை. குண்டு வட்டம் போட்டது. "உயிர். நல்ல ராஜகுழல்."

மூன்றாவது மூட்டை. முன்னும் பின்னும். "ஊமை. குழலுக்குள்ள சத்தமே இல்லை."

நான்காவது மூட்டை வருவதற்குள் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. இதுவரை யாரும் தப்பு என்று சொல்லவில்லையே. குண்டு பெரிய வட்டமாகச் சுற்றியது. கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"ஆகா. இதுதான் குழல். பனிமலை அடிவாரத்துல, மூணு தலைமுறையாத் துப்பாக்கி செய்யற வீட்டுல பிறந்தது. செஞ்சவரோட மூச்சு இன்னும் உள்ள இருக்கு. இதை வச்சுச் சுடறவங்களுக்குத் தோல்வியே இல்லை."

"என்ன விலை ஆனாலும் அதை எனக்குக் குடுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அக்கா கணவரைக் கூப்பிட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். பிரித்து எல்லோருக்கும் கேட்கப் படித்தார்.

"முதல் மூட்டை, பகைன்னு சொன்னது, கடைக்காரர் இன்னிக்குக் கொண்டாந்த புது ரைஃபிள். பேர் பெத்த கம்பெனி." கடைக்காரர் இருமினார். "ரெண்டாவது, ராஜகுழல்னு சொன்னது, என் வீட்டுக்காரியோட துப்பாக்கி." கூட்டத்தில் சலசலப்பு. "மூணாவது, ஊமைன்னு சொன்னதும் அதே துப்பாக்கிதான். போர்வையை மட்டும் மாத்தினோம்."

"நாலாவது?" என்றார் பல் டாக்டர்.

பேக்கரிக்காரர் நான்காவது மூட்டையைத் தூக்கிவந்து மேசையில் வைத்துப் போர்வையை விலக்கினார். உள்ளே ஜன்னல் திரை மாட்டுகிற இரும்புக் குழாய். ஒரு முனையில் கனத்துக்காக ஒரு பூரிக்கட்டையைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

'என்ன விலை ஆனாலும்' என்றவர் மெதுவாகத் தூணுக்குப் பின்னால் போனார்.

"போர்வை நாதத்தை மறைச்சிடுச்சு" என்றார் குறிக்காரர்.

"மறைச்சிருந்தா எதுவுமே கேக்கலைன்னு சொல்லியிருக்கணும்" என்றாள் அக்கா. "குழாய்க்குள்ள மூணு தலைமுறை மூச்சு எப்படிக் கேட்டுச்சு?"

"அவநம்பிக்கை இருக்கிற இடத்துல நாதம் தடுமாறும்மா."

கணவர் ஒரு அடி முன்னால் வந்தார். சத்தம் போடுகிற ஆள் இல்லை அவர்.

"உங்க வாய் வார்த்தையைக் கேட்டு ஒரு வாரமா நான் ஏணியில கால் வைக்கப் பயந்தேன். நாலு மாடிக்கு ஸ்பேனரைப் போட்டேன். கீழ யாராவது நின்னிருந்தா, அந்தச் சாவுக்கும் துப்பாக்கிதான் காரணம்னு சொல்லியிருப்பீங்க, இல்ல?"

குறிக்காரர் நாதமணியைச் சுருட்டிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். பேக்கரிக்காரர்தான் அடுத்த கேள்வியைக் கேட்டார். மிகவும் பணிவாகக் கேட்டார்.

"என் துப்பாக்கியை எங்க அடக்கம் பண்ணீங்க அய்யா? இடத்தை மட்டும் காட்டுங்க. தோண்டி எடுத்துக்கறேன்."

குறிக்காரர் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் கதவைப் பார்த்தார். அந்த இரண்டு பார்வைகளையும் கூட்டம் பார்த்துவிட்டது. அரை மணி நேரத்தில், நாற்பது பேரும் ஒரு போலீஸ்காரருமாகக் கடையின் பின்னறையில் நின்றார்கள். அடக்கமான துப்பாக்கிகள் அங்கே சுவரில் சாய்ந்து சௌக்கியமாக நின்றன. ஒன்றுக்கு மரப்பகுதியில் கறுப்புச் சாயம் பாதி பூசியிருந்தது. இன்னொன்றில் பழைய கம்பெனிப் பெயரைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். மேசை இழுப்பறையில் பெயர் பெற்ற கம்பெனியின் போலிப் பெயர்ப்பட்டைகள் ஒரு கட்டு.

ஒருவரிடம் பகை என்று இலவசமாக வாங்கி, சாயம் பூசி, இன்னொருவருக்கு உயிர் என்று முழு விலைக்கு விற்றிருக்கிறார்கள். இடையில் நடந்தது இரண்டு கோட்டுச் சாயம் மட்டும்தான்.

பேக்கரிக்காரர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். அவருடையது இல்லை. அப்புறம் அவர் கண் பல் டாக்டர் தோளில் தொங்கிய கறுப்பு ரைஃபிள் மேல் போய் நின்றது.

"டாக்டர், தப்பா நினைக்காதீங்க. அதோட தோள்ல சாய்க்கிற பக்கத்துத் தகட்டைக் கழட்டிப் பாக்கலாமா? நானும் என் வீட்டுக்காரியும் வாங்கின அன்னிக்கு உள்ள தேதி எழுதி வச்சோம்."

கணவர் திருகாணியைக் கழற்றினார். உள்ளே பென்சிலில் ஒரு தேதி. அதற்குக் கீழே பெண் கையெழுத்தில் 'ரொட்டி தீஞ்சாலும் குறி தவறக் கூடாது' என்று எழுதியிருந்தது. பேக்கரிக்காரர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். எழுதியவள் இப்போது இல்லை என்பது மன்றத்தில் எல்லோருக்கும் தெரியும். பல் டாக்டர் துப்பாக்கியை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார். ஒரு மாதமாக அவர் மதிப்பெண்ணை ஏற்றிவிட்டது, ஊரே பயந்து ஒதுக்கிய பகைக் குழல்.

குறிக்காரரும் கடைக்காரரும் போலீஸ் வண்டியில் ஏறினார்கள். "கோட்டைக் கழட்டணுமா?" என்று குறிக்காரர் கேட்டதாகச் சொன்னார்கள். கடைசி வரைக்கும் தொழில் மரியாதை.

அடுத்த வாரம் கணவர் பட்டறையிலிருந்து இரும்பை இறுக்கிப் பிடிக்கிற கனமான வைஸ் ஒன்றைக் கொண்டுவந்து மன்றத்து மேசையில் முடுக்கினார். மீட்டுவந்த துப்பாக்கிகள், பெயர் பெற்றவை, பெறாதவை எல்லாவற்றுக்கும் பெயர் தெரியாமல் காகிதம் ஒட்டினார்கள். ஒவ்வொன்றையும் வைஸில் பிடித்துவைத்து ஒரே டப்பாக் குண்டில் பத்துப் பத்தாகச் சுட்டார்கள். பெயர் பெற்றவை எல்லாம் நன்றாகவே சுட்டன. உதிரிப் பாகமும் சீக்கிரம் கிடைக்கும். அக்காவுடையதும் பேக்கரிக்காரருடையதும் அவற்றுக்கு ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை. பெயர் தெரியாத இன்னொரு கம்பெனியின் துப்பாக்கி மட்டும் அட்டை முழுக்கக் குண்டைத் தெளித்தது. அது உண்மையிலேயே மட்டமான சரக்கு. இதையெல்லாம் சொல்ல யாரும் கண்ணை மூட வேண்டியிருக்கவில்லை.

அணிப் போட்டியில் மூன்றாம் இடம் வந்தார்கள். பேக்கரிக்காரர் ஒரு குண்டில் அவசரப்பட்டார். "அவசரப்பட்டுட்டேன்" என்று அவரே சொன்னார். அந்த மன்றத்தில் பல மாதத்துக்குப் பிறகு ஒரு தோல்விக்கு ஒரு மனிதன் பொறுப்பேற்றது அன்றைக்குத்தான். லிஃப்ட் மெக்கானிக் எட்டாம் மாடியில் வேலையை முடித்துவிட்டு நேரே அங்கே வந்து கைதட்டினார்.

பொதுத் துப்பாக்கியில் சுட்டு முடித்த பல் டாக்டர் தயங்கித் தயங்கி அக்காவிடம் வந்தார்.

"நான் இப்ப புதுசா வாங்கணும். பேர் பெத்ததா, பேர் தெரியாததா? நீங்களே பாத்துச் சொல்லிடுங்க அக்கா. நீங்க சொன்னா நான் கண்ண மூடிட்டு வாங்கிடறேன்."

அக்கா தன் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"அப்ப ஒண்ணுமே மாறலையே டாக்டர். நாற்காலியில ஆளு மட்டும்தான் மாறியிருக்கு." ஒரு டப்பாக் குண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். "மேசை அங்க இருக்கு. அட்டை அங்க இருக்கு. போய்ச் சுட்டுப் பாருங்க. நான் சொல்றது தப்புன்னு உங்க அட்டை சொன்னா, வந்து என் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. அப்பத்தான் நீங்க யோசிக்கிறீங்கன்னு அர்த்தம்."

டாக்டர் போனார். அவருக்குப் பின்னால், அக்காவிடம் துப்பாக்கி கேட்க ஏற்கெனவே ஆறு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். அவர்கள் கழுத்துக்கு மேலேயும் தலை என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. யாராவது ஒருவர் அதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டால், இந்த நாட்டில் வெள்ளைக் கோட்டு தைக்கிறவர்களுக்கு வேலை பாதியாகக் குறைந்துவிடும்.